மக்கனும் பேடாவும் சண்டை போடுகிறார்களா, யார் பெரியவன் என்று பார்க்கிறார்களா?

சத்துவாச்சாரி தையல்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு கினி பிக் (முயலைவிடச் சின்னதான, கொறிக்கும் பிராணி) வளர்கின்றன. ஒன்று வெண்ணெய் நிறம், இன்னொன்று நல்ல பழுப்பு. மாமியாருக்குச் சொந்த ஊர் மக்கன் பேடா இனிப்புக்குப் பெயர்போன ஆற்காடு. அதனால் ஒன்றுக்கு மக்கன், மற்றதற்கு பேடா என்று அவரே பெயர் வைத்துவிட்டார். பொங்கலுக்கு முன்னால் குட்டியாக வாங்கும்போது இரண்டும் பெண் என்றுதான் கடையில் சொன்னார்கள். நகம் வெட்டத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டுமே ஆண் என்றார். கடையில் ஒரே பெட்டியில் இருந்தவை, அண்ணன் தம்பியாகக்கூட இருக்கலாம்.

நான் வீட்டிலேயே பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். கூண்டு மெஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் இரண்டும் எது செய்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். பங்குனி வரைக்கும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. சித்திரை வெயில் ஏறியதிலிருந்து எல்லாம் மாறிவிட்டது.

மக்கன் திடீரென்று நிற்கிறான். தொண்டைக்குள்ளேயே 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். மெஷினை மெதுவாக மிதித்தால் வருமே, அந்த மாதிரி. அப்படியே பின்பக்கத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு பேடாவைச் சுற்றி வருகிறான். அப்புறம் மேலே ஏறுகிறான். சில நேரம் பின்னால் ஏறாமல் தலைப்பக்கமே ஏறிவிடுகிறான். பேடா 'கீச் கீச்' என்று கத்திக்கொண்டு அட்டைப் பெட்டி வீட்டுக்குள் ஓடினால், மக்கன் வாசலிலேயே உட்கார்ந்துகொள்கிறான். உள்ளே இருப்பவனுக்கு வெளியே வர வழி இல்லை. இரண்டு தடவை இரண்டும் நேருக்கு நேர் நின்று, தலையை மேலே மேலே தூக்கி, பல்லை 'டக்டக்டக்' என்று கடித்ததையும் பார்த்தேன்.

நேற்றுக் காலை கூண்டைச் சுத்தம் செய்யும்போது பழுப்பு மயிர் ஒரு கொத்து கிடந்தது. பேடாவின் இடது காது ஓரத்தில் மிளகு அளவுக்கு ரத்தம் காய்ந்திருந்தது. பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை.

வீட்டுக்காரர் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிடு என்கிறார். எதிர் வீட்டில் ஒரு பெண் கினி பிக் இருக்கிறது, அதைச் சேர்த்தால் இரண்டும் அடங்கிவிடும் என்று அவர்கள் சொல்கிறார்கள். மாமியார் ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார். அதைக் கேட்டதும் எட்டாவது படிக்கும் என் மகள் அழுதுவிட்டாள். கூண்டு கம்பிக் கூண்டுதான், இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம். சாப்பாடு அருகம்புல், கொத்தமல்லி, கடையில் வாங்கும் உருண்டைத் தீவனம்.

இது விளையாட்டா, அதிகாரம் காட்டுவதா, நிஜச் சண்டையா? எதை வைத்துத் தெரிந்துகொள்வது? பிரிக்கத்தான் வேண்டுமா?

குடியாத்தம் மாடிவீடு:

அக்கா, முதலில் பயப்படாதீர்கள். என்னிடம் இருப்பது இரண்டும் பெண். அவையும் இதையெல்லாம் செய்கின்றன. டர்ர்ர் சத்தம், இடுப்பாட்டம், மேலே ஏறுவது எல்லாமே உண்டு. பெண்ணுக்குப் பதினாறு நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். அந்த ஒரு நாள் வீடே அமர்க்களப்படும், மறுநாள் ஒன்றும் நடக்காத மாதிரி சேர்ந்து புல் மேயும். பிடிக்காத நேரத்தில் பின்னால் வருகிறவள் முகத்தில் சிறுநீரைப் பீய்ச்சியடித்துவிட்டு ஓடுவதும் உண்டு. ஆகவே மேலே ஏறுவதை வைத்து மட்டும் சண்டை என்று முடிவுகட்ட வேண்டாம். 'நான் பெரியவள்' என்று சொல்ல அவற்றுக்குத் தெரிந்த வழி அது.

காதில் ரத்தம் என்றதும்தான் எனக்கும் கொஞ்சம் கலக்கமாக இருக்கிறது. ஆண்களைப் பற்றி அனுபவமுள்ளவர்கள் சொல்லட்டும். இரண்டையும் ஒன்றாகக் குளிப்பாட்டினால் ஒரே வாசனையாகி ராசியாகிவிடும் என்று எங்கோ படித்தேன். முயற்சி செய்து பார்க்கலாமா என்று தெரிந்தவர்கள் சொன்னால் எனக்கும் உதவும்.

காட்பாடி பெரியவர்:

அம்மா, ஓய்வு பெறும்வரை ஓர் ஆய்வுக்கூடத்தின் விலங்கு அறையில் வேலை பார்த்தவன் நான். முயல், வெள்ளெலி, கினி பிக் எல்லாம் என் கையால் தீனி தின்றவை. இப்போதும் வீட்டில் இரண்டு கிழட்டு ஆண் கினி பிக் ஒன்றாகத்தான் இருக்கின்றன. உங்கள் கேள்வியில் விவரம் நிறைய இருப்பதால் நேராகவே பதில் சொல்ல முடிகிறது.

நீங்கள் எழுதியதில் பெரும்பகுதி அதிகாரப் பேச்சு. சண்டை இல்லை. டர்ர்ர் என்று உறுமி இடுப்பை ஆட்டுவது, மோவாயைத் தூக்கிக்கொண்டு எவன் தலை மேலே நிற்கிறது என்று பார்ப்பது, பின்பக்கத்தைத் தரையில் தேய்த்து வாசனை வைப்பது, மேலே ஏறுவது, தீனியிலிருந்தும் படுக்கும் இடத்திலிருந்தும் மற்றவனை மூக்கால் தள்ளி எழுப்புவது, இவை எல்லாம் அந்த வகை. கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறந்து முன்பல்லைக் காட்டுவதும் இதில் சேரும். அதைத் தூக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கீச் கீச் என்று பேடா கத்துவது பெரும்பாலும் வலியால் இல்லை. 'சரி, நீதான் பெரியவன், விடு' என்பதுதான் அதற்குப் பொருள்.

பல்லைக் கடிக்கும் சத்தம் அடுத்த படி. அது எச்சரிக்கை. அதோடு கழுத்து மயிர் சிலிர்த்து நின்றால், உடம்பு விறைத்தால், தலை தாழ்ந்து பாய்வதற்குத் தயாரானால், அருகிலேயே இருங்கள். இரண்டும் பின்னங்காலில் எழுந்து ஒன்றின் முகத்தை நோக்கி மற்றொன்று பாய்ந்து, கட்டிப் புரண்டு, எது எந்தப் பக்கம் என்றே தெரியாமல் சுழன்றால் அதுதான் நிஜச் சண்டை. அந்த நேரத்தில் வெறுங்கையை நடுவில் விடாதீர்கள். உங்கள் விரல் என்று பார்க்காமல் கடித்துவிடும், கடி எலும்புவரை இறங்கும். முறம் ஒன்றைக் கூண்டுப் பக்கத்திலேயே வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் செருகினால் பிரிந்துவிடும், பிறகு ஒருவன்மேல் ஒரு தடிமனான துண்டைப் போட்டுத் தூக்கலாம்.

இதற்கெல்லாம் மேலே நான் பார்ப்பது ஒன்றைத்தான். விரட்டுபவன் என்ன செய்கிறான் என்பதைவிட, தோற்றவன் விலகிப்போனதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பேடா ஓடியதும் மக்கன் விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தால் இருவரும் ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். பேடா விலகிய பிறகும் தேடித் தேடிப் போய், தின்னவிடாமல், தண்ணீர் குடிக்கவிடாமல் செய்தால் காரியம் கெட்டுப்போகிறது. ஆனால் அப்படித் தீர்ப்பு சொல்வதற்கு முன்னால், விலகிப்போக பேடாவுக்கு இடம் இருக்க வேண்டும் இல்லையா? இரண்டரைக்கு ஒன்றரை என்றால் நாலு சதுர அடிகூட இல்லை. இரண்டு வளர்ந்த ஆண்களுக்குப் பத்து சதுர அடியாவது வேண்டும். தரை இடம்தான் கணக்கு, மாடி வைத்த கூண்டு இதில் சேராது. அவன் தோல்வியை ஒப்புக்கொண்டு ஓடுகிறான், நாலு எட்டில் சுவர் வந்துவிடுகிறது. துரத்துகிறவன் கண்ணுக்கு, அவன் இன்னும் எதிரிலேயே நிற்கிறான்.

அட்டைப் பெட்டி வீடு ஒரே வாசல் உள்ளது என்று நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது. உடனே அதில் இன்னொரு வாசல் வெட்டுங்கள். ஒரு வாசல் வீடு பொறி. காதுக் காயம் அங்கேதான் நடந்திருக்கும் என்பது என் எண்ணம். முட்டுச் சந்தில் மாட்டியவன் திரும்பி எதிர்த்தால்தான் இப்படிக் கடி விழும். வீடு இரண்டு, தண்ணீர் பாட்டில் இரண்டு, புல் குவியல் இரண்டு என்று வையுங்கள். அவையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒன்று இந்தக் கோடி என்றால் மற்றது அந்தக் கோடி.

வயதைக் கவனியுங்கள். பொங்கலுக்கு முன் குட்டி என்றால் இப்போது நல்ல விடலைப் பருவம். மூன்று நான்கு மாதத்தில் தொடங்கும் இந்த முறுக்கு ஒரு வயதைத் தாண்டியும் கொஞ்ச நாள் இருக்கும். ஐந்தாறு மாதத்தில்தான் உச்சம். இதைத் தெரியாமல் இந்தக் கட்டத்தில் பிரித்து, ஒன்றைக் கொடுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். கொஞ்சம் பொறுத்தால் ஆயுள் முழுக்க ஒன்றாக இருந்திருக்கக் கூடிய ஜோடிகள் அவை.

ஜெர்மனியில் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நார்பர்ட் சாக்சர் என்ற அறிஞர் கினி பிக்குகளின் நடத்தையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கூட்டத்தில் பெரிய ஆண்களோடு வளர்ந்த ஆண், பின்னாளில் புதியவர்களைச் சந்தித்தாலும் அடிதடி இல்லாமல் தன் இடத்தைக் கண்டுகொள்கிறது. தனியாகவோ ஒரு பெண்ணோடு மட்டுமோ வளர்ந்த ஆண், புதிய ஆணைப் பார்த்ததும் கடுமையாகச் சண்டையிடுகிறது. பருவம் வருகிற சமயத்தில் மூத்த ஆண்களிடம் தட்டு வாங்கிக் கற்கும் பாடம் அதற்குக் கிடைக்கவில்லை. நம் ஊர்க் கடைகளில் மூன்று நான்கு வாரத்திலேயே குட்டியைத் தனியே எடுத்து விற்றுவிடுகிறார்கள். மக்கனுக்கும் பேடாவுக்கும் கற்றுக்கொடுக்கப் பெரியவர் யாரும் இல்லை. ஒருவரிடம் ஒருவர்தான் கற்க வேண்டும், அதனால் கொஞ்சம் நாளாகும், கொஞ்சம் மயிரும் உதிரும்.

வெயிலும் ஒரு காரணம். ஆண்டிஸ் மலைக் குளிர்ப் பிரதேசத்துப் பிராணி, வேலூர்ச் சித்திரையில் அடைபட்டுக் கிடக்கிறது. 30 டிகிரியைத் தாண்டினாலே அவற்றுக்குத் திணறல். ஈரக் கோணியைக் கூண்டுக்கு மேலேயும் ஒரு பக்கமும் தொங்கவிட்டு, காற்று நேராக அடிக்காதபடி ஃபேன் வையுங்கள். பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துத் துணி சுற்றிப் போடுங்கள், அதிலும் இரண்டு பாட்டில். ஒன்றே ஒன்று இருந்தால் அந்தக் குளிர்ந்த இடத்துக்கும் போட்டி.

இப்போதைக்கு நிரந்தரமாகப் பிரிக்காதீர்கள். அடிக்கடி பிரித்துச் சேர்ப்பதும் வேண்டாம். ஒவ்வொரு தடவை சேர்க்கும்போதும் யார் பெரியவன் என்ற வழக்கு முதலிலிருந்து தொடங்கும். இடத்தைப் பெரிதாக்குங்கள். பழைய கூண்டு மக்கனின் கோட்டை, அதையே நீட்டிக்கட்டினால் பலன் குறைவு. புது இடத்தில், வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து வாசனை போனதும், இரண்டையும் ஒரே நேரத்தில் இறக்குங்கள். நடுவில் அருகம்புல்லைப் பரப்பிவிடுங்கள். உறுமுவான், ஏறுவான், விரட்டுவான். விடுங்கள். பார்த்துக்கொண்டே இருங்கள், கை நீட்டாதீர்கள்.

குடியாத்தம் மகளுக்கு: குளிப்பாட்டுவது வேண்டாம் அம்மா. நனைந்த பயத்தில் இரண்டும் ஒட்டி உட்காரும், பார்ப்பவர்களுக்கு ராசியானது போலத் தோன்றும். பயம் தெளிந்ததும் பழைய கதைதான். சளி பிடித்தால் இந்தப் பிராணிக்கு அது நுரையீரல் வரை போய்விடும்.

ஆற்காடு கால்நடை:

வணக்கம் அக்கா, நான் கால்நடை மருத்துவர். ஐயா நடத்தையைப் பற்றி எழுதியதில் நான் சேர்க்க எதுவும் இல்லை. உடம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

காது ஓரத்துச் சின்னக் கீறல் பெரும்பாலும் தானாக ஆறும். மெடிக்கலில் கிடைக்கும் சலைன் (உப்பு நீர்) கொண்டு துடைத்தால் போதும். ஆனால் காதோடு நிறுத்தாமல், இரண்டையும் மடியில் வைத்து முதுகு, இடுப்பு, கழுத்துப் பக்கம் மயிரை எதிர்த் திசையில் தள்ளி விரலால் தடவிப் பாருங்கள். கினி பிக் கடி மேலே சின்னதாக மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டும். ஒரு வாரம் பத்து நாள் கழித்து கட்டியாக எழும்பும்போதுதான் தெரியும். ஆகவே ஒருநாள் பார்த்ததோடு விடாதீர்கள்.

ஒரு விஷயத்தை எல்லோரும் மனதில் வையுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் மாதிரி மருந்தைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். வாய்வழி கொடுக்கும் பென்சிலின் வகை மருந்து கினி பிக்கின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவை அழித்துவிடும். கெட்டவை பெருகி, சில நாளில் உயிரே போய்விடும். நாய்க்குக் கொடுத்தேன், ஆட்டுக்குக் கொடுத்தேன் என்ற கணக்கு இதற்குச் செல்லாது.

அமைதியாக இருந்த ஜோடி திடீரென்று மாறினால், இரண்டில் ஒன்றுக்கு உடம்பு சரியில்லையா என்றும் பார்க்க வேண்டும். ட்ரிக்ஸகாரஸ் என்ற சிரங்குப் பூச்சி இருந்தால் பயங்கர அரிப்பு எடுக்கும், பக்கத்தில் எவன் வந்தாலும் எரிந்து விழும். வைட்டமின் சி குறைந்தால் மூட்டு வலிக்கும், தொட்டாலே கத்தும். நம்மைப் போலவே கினி பிக்கின் உடம்பிலும் வைட்டமின் சி தானாக உற்பத்தியாகாது. ஒரு கிலோ எடைக்கு தினம் 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. குடைமிளகாய்த் துண்டு ஒன்று, கொஞ்சம் கொத்தமல்லி கொடுத்தாலே சமாளித்துவிடலாம். கொய்யாவில் நிறைய உண்டு, ஆனால் இனிப்பும் உண்டு, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் சின்னத் துண்டு போதும். தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்து சீக்கிரமே வீரியம் இழந்துவிடும், அதை நம்ப வேண்டாம். நம் பக்கம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கிவந்து தழையை வெட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்குத் தழை மூன்றுமே கூடாது.

சமையலறைத் தராசு ஒன்று வாங்கி வாரம் ஒருமுறை இரண்டையும் எடை போடுங்கள். பேடாவின் எடை ஏறிக்கொண்டோ நிலையாகவோ இருந்தால் அவனுக்குத் தீனி கிடைக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம். ஒரே வாரத்தில் ஐம்பது கிராமுக்கு மேல் இறங்கினால் கவனியுங்கள். அரை நாள் முழுக்க எதுவும் தின்னவில்லை என்றால் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள், குடல் நின்றுபோகும்.

ஆண்மை நீக்கம் செய்தால் அடங்குமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். இரண்டு ஆண்களுக்கு இடையிலான இந்த அதிகாரப் போட்டியை அது பெரிதாகக் குறைப்பதில்லை.

சத்துவாச்சாரி தையல்:

ஐயா, டாக்டர், தங்கச்சி, எல்லோருக்கும் நன்றி. படித்ததும் வீட்டுக்காரரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன்.

ஹாலில் துணி வெட்டுகிற மேசைக்கு அடியில் இத்தனை நாள் துணி மூட்டைதான் கிடந்தது. மூட்டையைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, அந்த இடத்தைச் சுற்றிக் கம்பி வலை கட்டிவிட்டோம். ஐந்தடி நீளம், இரண்டேகால் அடி அகலம். கீழே பழைய ஃப்ளெக்ஸ் பேனர், அதன்மேல் ஜமுக்காளம். மேசையே கூரை என்பதால் பூனைத் தொல்லையும் இல்லை. துணி வருகிற அட்டைப் பெட்டி இரண்டில் எதிரெதிராக வாசல் வெட்டினேன். கரிகிரிப் பானை விற்பவரிடம் அடி உடைந்த பானை ஒன்று கிடைத்தது. இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டோம். உள்ளே சில்லென்று இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு அதில் யாராவது ஒருவர் இருப்பார்.

இறக்கிய அன்று நல்ல ரகளைதான். மக்கன் மூலைக்கு மூலை பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போனான், நான்கைந்து முறை மேலே ஏறினான். நீங்கள் சொன்னபடி கையை மடியிலேயே வைத்திருந்தேன். பேடா ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியே வந்து, மேசையின் மறுகோடியில் இருந்த புல்லைத் தின்ன ஆரம்பித்தான். மக்கன் பெட்டி வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். உள்ளே யாரும் இல்லை. அவனும் இந்தப் பக்கத்துப் புல்லுக்கு வந்துவிட்டான். அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. காதுப் புண் காய்ந்துவிட்டது. உடம்பில் வேறெங்கும் கடி தட்டுப்படவில்லை. எடை மக்கன் 910 கிராம், பேடா 840.

இன்னும் இரண்டு சந்தேகம். எதிர் வீட்டுப் பெண் கினி பிக் விஷயத்துக்கு என்ன பதில் சொல்வது? இன்னொன்று என் மகள் கேட்டது. எப்போதும் பேடாவே வழிவிட்டுப் போகிறானே, அவன் மனசுக்குள் வேதனைப்பட மாட்டானா, அப்படியே விட்டுவைப்பது நியாயமா என்கிறாள். எனக்கும் அதே எண்ணம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

காட்பாடி பெரியவர்:

மேசைக்கு அடியில் அமைத்தது நல்ல யோசனை அம்மா. ஒரு விஷயத்தில் மட்டும் தினமும் கவனம் வேண்டும். மேலே துணி வெட்டும்போது விழும் நூல் துண்டு காலில் சுற்றினால் ரத்த ஓட்டம் நின்று பாதமே போய்விடும். குண்டூசி சொல்லவே வேண்டாம். மேசை ஓரத்தில் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டு, வேலை முடிந்ததும் காந்தத்தை ஒரு சுற்று ஓட்டிவிடுங்கள்.

எதிர் வீட்டாரிடம் வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுங்கள். பெண் வாசனை பட்டால் அடங்கியிருக்கும் இரண்டு ஆண்களும் அன்றைக்கே நிஜச் சண்டையில் இறங்குவார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு ஆணுக்கு நாலைந்து பெண் என்றுதான் அறை அமைப்போம். காட்டு இனத்திலும் சின்னக் கூட்டத்துக்கு ஒரு ஆண்தான் தலைவன். இரண்டு ஆண், ஒரு பெண் என்ற கணக்கு எந்த அறையிலும் நிற்காது. அந்தப் பெண்ணைத் தொட்டுவிட்டு வந்த கையோடு மக்கனையும் பேடாவையும் தூக்காதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குட்டி போட்டாலும் தொல்லை. 59 முதல் 72 நாள் சினை. ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மறுபடியும் சினையாகும். முதல் ஈற்று ஏழெட்டு மாத வயதுக்கு மேல் தள்ளிப்போனால் இடுப்பெலும்பு இறுகி, குட்டி வெளியே வராமல் தாயும் சாகும். மூன்றாவதாக இன்னொரு ஆணைச் சேர்ப்பதும் வேண்டாம். இரண்டு பேர் சேர்ந்துகொண்டு ஒருவனை ஒதுக்குவார்கள்.

பாப்பாவின் கேள்வி நல்ல கேள்வி. பேடாவின் மனசை நாம் கேட்க முடியாது, ஆனால் உடம்பைக் கேட்கலாம். சாக்சரின் ஆராய்ச்சியில், நிலைத்து வாழும் கூட்டத்தில் மேல்நிலை ஆணுக்கும் கீழ்நிலை ஆணுக்கும் கார்டிசோல் அளவில் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. பதற்றம் வந்தால் ரத்தத்தில் ஏறுகிற சுரப்பு அது. யார் எங்கே என்று முடிவாகாமல் இழுத்துக்கொண்டே இருக்கும்போதுதான் இருவருக்கும் வேதனை. பாப்பா தினமும் பார்க்க வேண்டியது இதுதான். பேடா நன்றாகத் தின்கிறானா, காலை நீட்டிப் படுக்கிறானா, இருந்த இடத்திலேயே துள்ளிக் குதிக்கிறானா? மூன்றும் இருந்தால் அவன் சுகமாக இருக்கிறான். மூலையில் உருண்டையாகக் குறுகி, கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.

தனியாக வைப்பதில் இருக்கும் துன்பம் இதைவிடப் பெரிது. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் கினி பிக்கை ஒற்றையாக வளர்ப்பதற்கே சட்டத்தில் இடம் இல்லை. இத்தனைக்குப் பிறகும் ரத்தம் வரச் சண்டை போட்டால், அப்போது நடுவில் கம்பி வலை வைத்துப் பிரியுங்கள். அடுத்த அறைக்கு மாற்ற வேண்டாம். ஒருவரை ஒருவர் பார்க்கட்டும், முகரட்டும், பேசட்டும். அப்படி வாழ்நாள் முழுக்க வலைக்கு இரண்டு பக்கமும் ஒட்டிப் படுத்தே காலம் கழித்த ஜோடிகளை நான் வளர்த்திருக்கிறேன்.

குடியாத்தம் மாடிவீடு:

ஐயா, குளிப்பாட்டுவதை விட்டுவிட்டேன். டாக்டரிடம் ஒன்று கேட்க வேண்டும். என் பெரியவளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. முன்பெல்லாம் பருவம் வரும் நாளில் மட்டும் உறுமுவாள். இப்போது நாள்தோறும் சின்னவள்மேல் ஏறுகிறாள், விரட்டுகிறாள். சின்னவள் ஒதுங்கிப் போனாலும் விடுவதில்லை. இடம் ஏழெட்டு சதுர அடி இருக்கிறது, வீடு இரண்டு வாசல்தான்.

ஆற்காடு கால்நடை:

இது அதிகாரம் என்று விட்டுவிட வேண்டியது இல்லை தங்கச்சி. வயதான பெண் கினி பிக்குகளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி வருவது மிகவும் சகஜம். அதில் ஹார்மோன் சுரக்கும் வகை இருந்தால் நீங்கள் சொல்வது போலவே ஓயாமல் ஏறுவதும் உறுமுவதும் இருக்கும். இரண்டு விலாப் பக்கமும் ஒரே அளவில், அரிப்பு இல்லாமல் மயிர் கொட்டியிருக்கிறதா பாருங்கள். முலைக்காம்பு தடித்துப் பொருக்கு கட்டியிருக்கிறதா, வயிறு பேரிக்காய் வடிவில் பக்கவாட்டில் உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். வயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள், கட்டி உடைந்துவிடும். சின்னப் பிராணிகளைப் பார்த்துப் பழகிய டாக்டரிடம் காட்டி ஸ்கேன் எடுங்கள். பக்கத்தில் கிடைக்கவில்லை என்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே கொண்டுபோங்கள். போகும்போது சின்னவளையும் அதே கூடையில் வைத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒன்றை மட்டும் ஆஸ்பத்திரி வாசனையோடு திரும்பக் கொண்டுவந்து விட்டால் இரண்டும் புதிதாகச் சந்திப்பது போல மறுபடியும் சண்டை தொடங்கும். வெயிலுக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள், கூடைக்குள் ஈரத்துணி சுற்றிய தண்ணீர் பாட்டிலும் கைப்பிடி அருகம்புல்லும் இருக்கட்டும்.